சீவி அடிக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்: கொழும்பில் வேலை தேடுவோருக்கு

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், ரீலோட், அப்புறம் சீவி, அதாவது வேலைக்கு அனுப்பும் சுயவிபரக் கோவை. இதற்கு முன் பதினொரு வருடம் ஒரு தனியார் கம்பனியின் மனிதவளப் பிரிவில் இருந்தேன். வந்து குவியும் சீவிகளில் எது உள்ளே போகும், எது பெட்டிக்குள் போகும் என்று பிரித்து வைப்பதுதான் அங்கே என் வேலை. இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, பிரெண்டோட சீவி இருக்கு. பேரையும் நம்பரையும் மட்டும் மாத்தித் தாறீங்களா?

மாற்றித் தரலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு தம்பி அப்படித்தான் கொண்டுவந்தான். பெயர், முகவரி, பாடசாலை எல்லாம் மாற்றியாயிற்று. கடைசிப் பக்கத்தில் "பாடசாலை வலைப்பந்தாட்ட அணித் தலைவி" அப்படியே இருந்தது. அதற்குள் பன்னிரண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டானாம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மேலே இருக்கும் அந்த "நோக்கம்". "பெயர்பெற்ற நிறுவனமொன்றில் சவால்மிக்க பதவியொன்றைப் பெற்று எனது திறமைகளை..." பதினொரு வருடமும் இதை வாசித்தேன், ஒரு எழுத்து மாறவில்லை. அதை எடுத்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள்: எந்த வேலைக்குக் கேட்கிறீர்கள், அதற்குப் பக்கத்தில் வருகிற எதை ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள்.

எத்தனை பக்கம் வரணும்? போட்டோ, சமயம், கல்யாணம் எல்லாம் போடணுமா?

புதிதாகத் தேடுபவருக்கு ஒரு பக்கம். ஐந்தாறு வருட அனுபவம் இருந்தால் இரண்டு. சமயம், இனம், உயரம், நிறை எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்லை. படம் கேட்டால் மட்டும் போடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை இணையத்தில் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பாதீர்கள், நியமனம் தரும்போது கொடுத்தால் போதும். அரச விண்ணப்பப் படிவத்தில் மட்டும் கேட்டதையெல்லாம் கேட்டபடி நிரப்ப வேண்டும்.

கீழே இரண்டு பேரின் பெயர் போடுவோமே, அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும். நான் ஒரு அதிபருக்குப் போன் எடுத்தபோது, "அப்படி ஒரு பிள்ளையா? எந்த வருஷம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும், "நியூ பைனல் 2" ஆக வேண்டாம்.

ஏ/எல் முடிச்சிட்டு ரெண்டு வருஷம் சும்மா கடையில நிண்டன். அனுபவம் எண்டு ஒண்டும் இல்ல. என்னத்த எழுதுறது?

எனக்கு அதிகம் கோபம் வருகிற கேள்வி இது. இதைக் கேட்ட தம்பி நின்றது புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு புடைவைக் கடையில். அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, காலையில் கடை திறந்ததும் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். கால் மணி நேரத்தில் வந்தவை இவை: முதல் நாள் காசை எண்ணி வங்கியில் போடுவது அவன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வியாபாரிகளின் ஓடர் வாட்ஸ்அப்பில் வரும், அதை எழுதிக் கட்டி லொறிக்கு ஏற்றுவது அவன். மாதக் கடைசியில் ஸ்டொக் எண்ணுவது அவனும் முதலாளியின் மருமகனும். கடன் கொப்பியும் அவன் கையில்.

"சும்மா நிண்டன்" என்பதற்குப் பதிலாக நாங்கள் எழுதியது: நாளாந்தப் பணத்தை வங்கியில் வைப்பிலிட்டமை; வெளிமாவட்ட மொத்த வியாபாரிகள் சுமார் 40 பேரின் ஓடர்களைப் பெற்று அனுப்பியமை; மாதாந்த இருப்புக் கணக்கெடுப்பு; கடன் பதிவேடு பராமரிப்பு. ஒரு வார்த்தை பொய் இல்லை. களஞ்சிய உதவியாளர் வேலைக்கு அதைக் கொண்டு போனான். கடை என்றில்லை, அப்பாவின் த்ரீவீலுக்குக் கணக்கு வைத்தது, கோயில் திருவிழாவில் அன்னதானப் பொருள் வாங்கும் பொறுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எத்தனை பேர், எவ்வளவு காசு, எத்தனை மாதம் என்று எண்ணைப் போடுங்கள்.

வேலை வெற்றிடம் எல்லாம் எங்க பாக்குறது?

தனியார் துறைக்கு டொப்ஜொப்ஸ், லிங்க்ட்இன், ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகைகள். கடை, களஞ்சியம், டெலிவரி வேலைகளுக்கு வீரகேசரி, தினக்குரல் சிறு விளம்பரங்கள். அரச வேலைக்கு வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியின் (அரசிதழின்) விளம்பரப் பகுதி. அது இணையத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் வரும் படத்தை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். பாதிப் படங்களில் முடிவுத் திகதி வெட்டுப்பட்டிருக்கும்.

அஞ்சு தகுதி கேட்டிருக்கு. என்கிட்ட மூணுதான் இருக்கு. போடலாமா?

தனியார் என்றால் போடுங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் மேலாளரின் ஆசைப் பட்டியல். நாங்கள் ஐந்தும் உள்ள ஆளுக்காகக் காத்திருந்து, கடைசியில் மூன்று உள்ளவரை எடுத்த நாட்கள் நிறைய. அரச வேலை என்றால் போடாதீர்கள். அங்கே வயது, பாடச் சித்தி, மொழி எல்லாம் கோடு கிழித்தது போல. முடிவுத் திகதியன்று எல்லாத் தகுதியும் பூர்த்தியாகி இருக்க வேண்டும். பெறுபேறு அடுத்த மாதம் வரும் என்றால் அது கணக்கில் இல்லை.

கவர்மென்ட் அப்ளிகேஷன ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எல்லாம் சரியாத்தானே எழுதினேன்?

எழுதியது சரியாக இருந்திருக்கும், வடிவம் பிழைத்திருக்கும். மாதிரிப் படிவத்தை ஏ4 தாளில் தயாரிக்கச் சொன்னால், எந்த இலக்கம் வரை முதல் பக்கத்தில் வரவேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். நான்காவது கேள்வி அடுத்த பக்கத்துக்கு வழிந்தாலே நிராகரிக்கலாம். கையொப்பத்தை அதிபரோ சமாதான நீதவானோ அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்றால் முத்திரையும் திகதியும் வேண்டும். பரீட்சைக் கட்டணப் பற்றுச்சீட்டை ஒட்டச் சொன்ன இடத்தில் ஒட்ட வேண்டும், போட்டோ கொப்பியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் அல்லது பரீட்சையின் பெயர். தபால் என்றால் பதிவுத் தபால்.

இன்னொன்று: திகதி. "அன்றோ அதற்கு முன்னரோ கிடைக்க வேண்டும்" என்றால் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும், நீங்கள் தபாலில் போடும் நாள் அல்ல. கடைசி நாள் மத்தியானம் என் கடைக்கு ஓடி வருபவர்களுக்கு நானும் அவசர அவசரமாக அடித்துக் கொடுக்கிறேன், பாவமாக இருக்கும். பரீட்சை மொழியையும் யோசித்துப் போடுங்கள், பிறகு மாற்ற விடமாட்டார்கள். தமிழில் படித்துவிட்டு மதிப்புக்காக ஆங்கிலம் போட்டு மாட்டியவர்களைத் தெரியும்.

அம்மா கவர்மென்ட் வேலை கிடைக்கிற வரை வேற வேலைக்குப் போகாத எண்டுறா. காத்திருக்கவா?

அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் காத்திருக்கும்போது வேலை செய்யக் கூடாது என்று எந்த வர்த்தமானியிலும் இல்லை. விண்ணப்பம், பரீட்சை, நேர்முகப் பரீட்சை, நியமனம் என்று அது வருடக்கணக்கில் இழுக்கும். கிடைத்தாலும் வழக்கமாக மூன்று வருடத் தகுதிகாண் காலம், அதற்குள் பணியில் நிரந்தரமாக எழுத வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை. தனியார் வேலைக்குப் போய்க்கொண்டே வர்த்தமானியைப் பாருங்கள். வெறுமனே போன மூன்று வருடத்துக்கு என்ன எழுதுவது என்று பிறகு என்னிடம் வந்தால், மேலே கடைத் தம்பிக்குக் கிடைத்தது போல எழுத எதுவும் இருக்காது.

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தனான். சிங்களம் கதைக்க வராது. கொழும்பில வேலை செய்யேலுமோ?

முடியும், ஆனால் எந்த வேலை என்பதைப் பொறுத்தது. கணக்கு, மென்பொருள், வடக்கு கிழக்கு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் பிரிவு என்றால் ஆங்கிலமும் தமிழும் போதும். வங்கி, தொலைபேசி, காப்புறுதிக் கம்பனிகள் தமிழ் பேசும் ஆட்களைத் தேடித்தான் எடுக்கின்றன. அதனால் சீவியில் "தமிழ்: தாய்மொழி" என்று தைரியமாக முதலில் போடுங்கள். தமிழர்கள்தான் அதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

சிங்களத்தைப் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று மூன்றாகப் பிரித்து உள்ளதை எழுதுங்கள். "சரளம்" என்று போட்டுவிட்டு நேர்முகத்தில் "ஒயாகே கம கொஹேத" (உங்கள் ஊர் எது) என்று கேட்டதும் விழித்தால் மற்ற வரிகளும் சந்தேகத்துக்குள் போகும். அரச சேவைக்குத் தமிழில் பரீட்சை எழுதி உள்ளே போகலாம், ஆனால் சேர்ந்த பிறகு மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். எப்படியும் படிக்கத்தான் வேண்டும், இப்போதே தொடங்குங்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தமிழ்க் கடையில் சாப்பிட்டுத் தமிழ் ஆட்களோடு மட்டும் திரிந்தால் பத்து வருடமானாலும் வராது.

அக்கா, எங்க அட்ரஸ் தோட்டத்து அட்ரஸ். அதப் பாத்தே ஒதுக்குறாங்கன்னு சொல்றாங்க. மாத்திப் போடவா?

ஒதுக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் இருந்த இடத்தில் ஒரு மேலாளர் "இவங்க தீபாவளிக்குப் போனால் திரும்ப வரமாட்டாங்க" என்று சொல்லி மலையகத் தோட்டத்து முகவரி உள்ள சீவிகளைத் தனியே வைப்பார். நான் இரண்டு தடவை திரும்ப மேலே எடுத்து வைத்தேன், மூன்றாவது தடவை பேச்சு வாங்கினேன். இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கொழும்பில் போர்டிங்கில் இருந்தால் தனியார் சீவியில் அந்த முகவரியைத் "தற்போதைய முகவரி" என்று போடுங்கள். பொய் இல்லை, கூப்பிட்டால் நாளைக்கே வரக்கூடியவர் என்றும் அதிலேயே தெரியும். அரச படிவத்தில் நிரந்தர முகவரி நிரந்தர முகவரியாகவே இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் சான்றிதழோடு அது ஒத்துப்போகாவிட்டால் சிக்கல்.

ஏ/எல் பெயில். இனி என்ன, கடைதானா?

என்விகியூ என்று ஒன்று இருக்கிறது, தேசிய தொழில் தகைமை. 1 முதல் 7 வரை மட்டங்கள்: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். மின்னிணைப்பு, குழாய் வேலை, குளிரூட்டி திருத்தம், பேக்கரி, தையல், தகவல் தொழில்நுட்பம் என்று பல துறைகள். தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் படிக்கலாம். நாரஹேன்பிட்டியில் "நிபுணதா பியச" கட்டடத்தில் போய்க் கேளுங்கள், வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ் போகும்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. வகுப்புக்கே போகாமல், உங்களுக்குத் தெரிந்த வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம், முன் கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். எட்டு வருடம் ஏசி திருத்திய ஒரு அண்ணனிடம் ஒரு கடதாசிகூட இல்லை. இந்த வழியில் மட்டம் 4 எடுத்தார். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

ஆளத் தெரிஞ்சாத்தானே வேலை? சீவி எல்லாம் சும்மா தானே?

பாதி உண்மை. உள்ளே இருப்பவர் சொன்னால் உங்கள் சீவி குவியலின் மேலே வரும், அவ்வளவுதான். வேலையைச் செய்ய முடியாது என்று தெரிந்தால் சொன்னவருக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். "எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாங்க மாமா" என்று கேட்டால் மாமா தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "உங்கட கம்பனியில கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கினமாம், இந்த சீவியை அந்த மெனேஜருக்கு அனுப்பிவிடுங்கோ" என்றால் அவருக்கு இரண்டு நிமிட வேலை, செய்துவிடுவார்.

இன்டர்வியூல எவ்வளவு சம்பளம் எதிர்பாக்குறீங்க எண்டு கேட்டா என்ன சொல்ல?

"நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், தந்துவிடுவார்கள். அதே வேலைக்கு வேறு இரண்டு விளம்பரங்களில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அதற்குக் கீழே சொன்னால் எழுந்து வாருங்கள்.

அதோடு, சொல்வது மொத்தமா, கையில் வருவதா, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

அப்பொயின்ட்மென்ட் லெட்டர்ல பேசிக் 30,000, அலவன்ஸ் 30,000 எண்டு பிரிச்சுப் போட்டிருக்காங்க. எல்லாம் ஒண்டுதானே?

ஒன்றில்லை. ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழித்து, முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம் போட வேண்டும். ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், அது முழுவதும் முதலாளியின் காசு. 60,000 ரூபாவுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாளியின் ஈபிஎஃப் பங்கு 7,200. ஊக்குவிப்புப் படி என்று பெயர் வைத்து 30,000 ஐ ஒதுக்கிவிட்டால் 3,600. மாதம் 3,600 குறைந்தால் வருடத்துக்கு 43,200 ரூபா. உங்கள் 8 சதவீதமும் குறைவதால் கையில் கொஞ்சம் கூடுதலாக வரும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். வாழ்க்கைச் செலவுப்படி, சாப்பாட்டுப்படி போன்றவற்றுக்கும் ஈபிஎஃப் உண்டு, மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு இல்லை.

"ஆறு மாதம் புரொபேஷன், பிறகுதான் ஈபிஎஃப்" என்பது கொழும்பில் பரவலாகச் சொல்லப்படும் பொய். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், தற்காலிக ஊழியருக்கும் அப்படித்தான். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் தற்செயல் விடுமுறை. பிறகு வருடத்துக்கு 7 தற்செயல், 14 வருடாந்த விடுமுறை. தரவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், தலைமையகம் நாரஹேன்பிட்டியில். நியமனக் கடிதத்தின் பிரதியும் சம்பளச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். கடிதமே தராத இடம் என்றால் வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவையாவது வைத்திருங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் அவங்ககிட்ட குடுக்கச் சொல்றாங்க. குடுக்கவா?

காட்டுங்கள், கொடுக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. "பாதுகாப்பாக வைத்திருப்போம்" என்று வாங்கி வைத்து, வேலையை விடும்போது இழுத்தடிக்கும் இடங்கள் உண்டு. ஒரு தங்கச்சி தன் சான்றிதழைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தாள். வற்புறுத்தினால் உறுதிப்படுத்திய பிரதி தருவதாகச் சொல்லுங்கள்.

இன்டர்வியூல "கல்யாணம் எப்ப, பிள்ளை எப்ப" எண்டு கேக்கிறாங்க. என்ன பதில்?

கேட்பார்கள். கேட்கக் கூடாதுதான், நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "இந்த வேலையில் நிலைத்து நிற்கத்தான் வந்திருக்கிறேன், வேலை நேரம் எனக்கு ஒத்துவரும்" என்று அவர்கள் உண்மையில் பயப்படும் விஷயத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, அந்தப் பிரிவில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வரும் பதிலில் உங்களுக்கும் நிறையத் தெரிந்துவிடும்.

டுபாயில டேட்டா என்ட்ரி வேலை, மாசம் நாலு லட்சம், விசிட் விசா, அம்பதாயிரம் முற்பணமாம். போகலாமா?

வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாத முகவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உரிமம் இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1989 க்கு அழைத்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால் 177 பஸ் எடுத்துப் பத்தரமுல்லைக்கு நேரே போய்க் கேளுங்கள். கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரில் மியாவாடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தது பத்திரிகையில் எல்லாம் வந்தது. டேட்டா என்ட்ரிக்கு இங்கே கிடைக்கும் சம்பளம் உங்களுக்குத் தெரியும், அதைப் பல மடங்காக்கி யாரோ ஏன் தரப்போகிறார்?

ஒரு வருஷத்துல மூணு வேலை மாறிட்டேன். எல்லாத்தையும் போடணுமா?

இரண்டு வாரம் நின்ற இடத்தை விடலாம். மூன்று மாதத்துக்கு மேல் நின்றதைப் போடுங்கள், ஈபிஎஃப் பதிவில் தெரியவரலாம். விட்ட காரணத்தைச் சீவியில் எழுத வேண்டாம், நேர்முகத்தில் ஒரே வரியில் சொல்லத் தயாராக இருங்கள். பழைய முதலாளியைத் திட்ட ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் அடுத்தது நான்தான் என்று நினைப்பார்.

அறுபது இடத்துக்கு மேல போட்டுட்டேன். ஒருத்தரும் கூப்பிடல. என்னிலதான் பிழையா?

அறுபதுக்கும் ஒரே சீவியா என்பதுதான் என் முதல் கேள்வி. ஆம் என்றால் இந்த வாரம் ஐந்தே இடம் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு விளம்பரத்தையும் அச்செடுத்து, அவர்கள் கேட்கும் வேலைகளைப் பேனையால் கோடிட்டு, அதற்கு நேரே நீங்கள் செய்ததை எழுதி வாருங்கள். கடைத் தம்பி செய்தது போல. எழுதாமல் விட்டது நிறைய இருக்கும். அனுப்பி ஒரு வாரம் கழித்து ஒரு போன் எடுத்துக் கேட்கலாம், தப்பில்லை.

கூப்பிட்டு, நேர்முகம் வரை போய் நிற்கிறது என்றால் சீவியில் பிழை இல்லை, பேச்சில்தான் பார்க்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் கடையில் கூட்டம் குறைவு. விளம்பரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் மெனேஜராக உட்காருகிறேன்.